பாட்டியின் பாட்டுக்கு மூன்று கோர்ட்

2017-இல் கிள்ளானில் ஒரு வாசகர் குழு, தோட்டப் பாடல்களுக்காக ஒரு மாலை நிகழ்ச்சி ஏற்பாடு செய்தது. என் பாட்டி பாட வேண்டும், நான் கிட்டார் வாசிக்க வேண்டும் என்று நண்பர் கேட்டார். பாட்டிக்கு அப்போது 81 வயது, எனக்கு 24. “ஒரு தாலாட்டுதானே, மூணு கோர்ட் போதும்” என்று உடனே ஒத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஐந்து மாதம் தூக்கம் போனது. கடைசியில் மேடையில் வாசித்ததில் அந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

கிட்டார் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று, நான்கு சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கவிட்டால் அது கோர்ட். நம்மூர் உச்சரிப்பில் நீதிமன்றமும் கோர்ட்தான். சின்ன வயதில் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். இப்போது யோசித்தால் இரண்டுக்கும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான் என்று தோன்றுகிறது. தனியாகப் பாடும் குரலில் ஒரு சுரம் வெறும் சுரமாக இருக்கும். அதற்கு அடியில் ஒரு கோர்ட்டை வைத்த உடனே இது சந்தோஷம், இது துக்கம், இது முடிந்துவிட்டது, இது இன்னும் முடியவில்லை என்று தீர்ப்பு வந்துவிடும்.

பாட்டி பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆயாவாக இருந்தவர். இருட்டோடு பெரட்டுக்குப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் பால்மரம் வெட்டப் போவார்கள். உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். “ரெண்டு கையில ரெண்டு கயிறு, கால் கட்டவெரல்ல ஒண்ணு. மிச்சத்துக்கெல்லாம் வாய்தான்” என்பார். அந்த வாய்க்கு இருந்தது ஒரே மெட்டு. பெயர்கள் மாறும், மாமன்மார் கொண்டுவரும் சீர் மாறும், மெட்டு மாறாது. பிறகு பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். அதற்கும் பிறகு அங்கே தாமான் வந்தது. பாட்டி எங்களோடு கிள்ளானுக்கு வந்து, பத்தாவது மாடியில் சன்னலோரம் உட்கார்ந்துகொண்டார்.

முதலில் அந்த மெட்டைக் கைப்பேசியில் பதிவுசெய்து, சுரம் எழுதிப் பார்த்தேன். ஏறக்குறைய ‘ஏ’ அவருடைய சட்ஜம். அங்கிருந்து நேராகப் பஞ்சமத்துக்குத் தாவும். நிஷாதம்வரை ஏறி, தைவதத்தைத் தொட்டு, மறுபடி பஞ்சமத்துக்கே இறங்கும். பின்பாதி மத்திமம், காந்தாரம், ரிஷபம் என்று படியிறங்கி வரும். இன்னும் ஒரு படி இறங்கினால் சட்ஜம். ஆனால் பாட்டி ரிஷபத்திலேயே நின்றுவிடுவார். ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். தாலாட்டுக்கு என்ன முடிவு இருக்கிறது? குழந்தை தூங்கினால் முடிந்தது.

பள்ளிக்காலத்தில் எனக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்த மாஸ்டரிடம் பதிவைப் போட்டுக் காட்டினேன். ஒரு நிமிடம்கூடக் கேட்கவில்லை. “மைனர்” என்றார். காகிதத்தில் மூன்று கோர்ட் எழுதிக்கொடுத்தார். ஏ மைனர், டி மைனர், ஈ செவன். கூடவே, “பாட்டிக்குச் சுருதி கொஞ்சம் அப்படி இப்படிப் போகுது, பார்த்துக்க” என்றும் சொன்னார்.

அன்று இரவு அந்த மூன்றையும் வைத்து வாசித்தேன். பாட்டி பாடினார். இரண்டு சுற்று போனது. மூன்றாவது சுற்றில் நிறுத்திவிட்டார்.

“நல்லாத்தான்யா இருக்கு. ஆனா நீ அடிக்கிறது என்னைய எங்கியோ இழுத்துக்கிட்டுப் போவுது. நான் அங்க போவலியே.”

அது வயதானவர் பேச்சு என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டாரோடு பாடிப் பழக்கமில்லை, போகப்போகச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அவர் சொன்னது இசை இலக்கணப்படியே துல்லியமானது. அது எனக்குப் புரிய இரண்டு மாதம் ஆனது.

ஈ செவன் கோர்ட்டுக்குள் ஜி ஷார்ப் இருக்கிறது. அது சட்ஜத்துக்கு அரைப்படி கீழே நிற்கும் சுரம். வாசலில் ஒரு காலை வைத்துவிட்டவர் மாதிரி. அதைக் கேட்டவுடன் காது அடுத்ததாகச் சட்ஜத்தை எதிர்பார்க்கும். மேற்கத்திய இசை சில நூற்றாண்டுகளாக நம் காதில் ஏற்றியிருக்கும் பழக்கம் இது. சினிமாப் பாட்டும் தேவாலயப் பாட்டும் பிறந்தநாள் பாட்டும் அந்த இழுப்பில்தான் வீடு திரும்புகின்றன. பாட்டி ரிஷபத்தில் நிற்கும் இடத்தில் மாஸ்டர் ஈ செவனைப் போட்டிருந்தார். அந்தக் கோர்ட்டில் ரிஷபமும் உண்டு, அதனால் காகிதத்தில் தப்பில்லை. ஆனால் விளைவு வேறு. அவர் மூச்சு எடுக்க நின்ற இடம் ‘அடுத்து வீடுதான்’ என்கிற இடமாகிவிட்டது. மறுபடி சட்ஜத்தில் தொடங்கும்போது, அது தொடக்கமாக இல்லாமல் வந்துசேர்ந்த மாதிரிக் கேட்டது. ஒவ்வொரு சுற்றும் ஒரு முடிவு. தொட்டில் ஒவ்வொரு ஆட்டத்திலும் சுவரில் முட்டி நிற்பதுபோல.

அது மட்டுமா? பாட்டி பாடும் நிஷாதம் சாதா ஜி. அதற்கு அடியில் ஜி ஷார்ப்பை வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். அவருடைய தைவதம் எஃப் ஷார்ப். டி மைனருக்குள் இருப்பதோ சாதா எஃப். ஆக மூன்று கோர்ட்டில் இரண்டு, பாட்டில் இல்லாத சுரங்களைக் கொண்டுவந்து வைத்திருந்தன. ‘மைனர்’ என்று பெயர் வைத்தவுடன் அந்தப் பெயரோடு வழக்கமாக வரும் சாமான்களெல்லாம் உள்ளே வந்துவிட்டன. பாட்டிக்குச் சுருதி விலகியது என்று சொன்னோமே, விலகியது நாங்கள்தான்.

பியானோவில் டி-யில் தொடங்கி, கறுப்புக் கட்டை எதையும் தொடாமல் அடுத்த டி வரை வாசித்தால் வருவதை டோரியன் என்பார்கள். மேஜரும் மைனரும் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்வதற்கு முன்பு ஐரோப்பாவில் புழங்கிய பல மோட்களில் அது ஒன்று. நாட்டுப்பாடல்களில் பிறகும் தங்கிவிட்டது. நம் கணக்கில் அதே சுரங்கள் 22-ஆவது மேளகர்த்தாவான கரகரப்பிரியா. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாட்டியிடம் போய் “நீங்க பாடுறது கரகரப்பிரியா பாட்டி” என்றேன். “யாரு அது?” என்றார். நியாயமான கேள்வி. சுரவரிசை ஒத்துப்போவதாலேயே ஒரு மெட்டு ராகமாகிவிடாது. ராகத்துக்குப் பிடிகள் உண்டு, கமகம் உண்டு, வளர்ந்த வழி உண்டு. பாட்டியின் பாட்டு வளர்ந்தது வேறு வழியில். ஆனாலும் ‘மைனர்’ என்ற பெயரைவிட இந்த இரண்டு பெயர்களும் எனக்கு உதவின. என்னென்ன சுரங்களைத் தொடக்கூடாது என்று அவை சொல்லிக்கொடுத்தன.

அதிலிருந்து இரண்டு விதி வைத்துக்கொண்டேன். ஒன்று, பாட்டில் இல்லாத சுரம் கோர்ட்டில் வரக்கூடாது. இரண்டு, தாளக்கணக்குக்காகக் கோர்ட்டை மாற்றக்கூடாது, குரல் எங்கே உட்காருகிறதோ அங்கே மட்டும்தான் மாற்ற வேண்டும். இப்படிப் பார்த்தால் ஈ செவன் இருந்த இடத்துக்கு ஜி மேஜர் வருகிறது. ஜி, பி, டி. அதில் பாட்டியின் ரிஷபமும் இருக்கிறது, நிஷாதமும் இருக்கிறது, யாரையும் வீட்டுக்கு இழுக்கவும் இல்லை. தைவதம் வரும் இடத்துக்கு டி மேஜர். இந்த டி மேஜர் வரும்போது வீட்டுச் சன்னலைத் திறந்த மாதிரி இருக்கும். சைமன், கார்ஃபங்கல் 1966-இல் பாடி உலகம் முழுக்கப் போன ‘ஸ்கார்பரோ ஃபேர்’ என்ற பழைய ஆங்கில நாட்டுப்பாடலைக் கேட்டால் இது தெரியும். அதுவும் டோரியன்தான். ஒவ்வொரு சரணத்திலும் ஓர் இடத்தில்தான் அந்த ஆறாம் சுரம் எட்டிப்பார்க்கும். அங்கே மட்டும் பாட்டின் முகம் மாறும்.

நமக்கு இது புதிதும் இல்லை. 1976-இல் ‘அன்னக்கிளி’யில் நாட்டுப்புற மெட்டுக்கும் மேற்கத்திய வாத்தியங்களுக்கும் ஒரே வீட்டில் இடம்போட்டுக் கொடுத்தவர் இளையராஜா. அந்தப் பாடல்களைக் கேட்டு வளர்ந்த எனக்கு அதன் கஷ்டம் தெரியாமலே போனது. கேட்கச் சுலபமாக இருந்ததால் செய்வதும் சுலபம் என்று நினைத்துவிட்டேன்.

இந்த நாட்களில்தான் இரண்டு கதைகளைப் படித்தேன். முதலாவது 1903-இல் நடந்தது. செசில் ஷார்ப் என்ற இசையாசிரியர், இங்கிலாந்தின் சாமர்செட் வட்டாரத்தில் ஒரு தோட்டக்காரர் வேலைசெய்துகொண்டே பாடுவதைக் கேட்டு எழுதிக்கொண்டார். அவர் எழுதிய முதல் நாட்டுப்பாடல் அது. அன்று மாலையே அதற்குப் பியானோ சேர்த்து அதே ஊரில் பாடவைத்தார். பாட்டுக்கு இன்றுதான் விருந்து உடை போட்டிருக்கிறார்கள் என்று கேட்டவர்களில் ஒருவர் மகிழ்ந்தாராம். தோட்டக்காரருக்கும் பெருமைதான், ஆனால் அந்த உடை சரிதானா என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்ததாம். அந்தச் சந்தேகத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சன்னலோரம் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தேன்.

இரண்டாவது கதை 1904-இல். ஹங்கேரிய இசைக்கலைஞர் பேலா பார்டோக், தங்கியிருந்த இடத்தில் ஓர் இளம்பெண் பாடுவதைக் கேட்டார். திரான்சில்வேனியாவிலிருந்து வந்தவள், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பெயர் லிடி டோசா. ஓர் ஆயா! பார்டோக் பிறகு வாழ்நாளில் பெரும்பகுதியை நாட்டுப்பாடல்களைச் சேகரிப்பதில் செலவழித்தார். மேஜர், மைனர் என்ற இரண்டின் சர்வாதிகாரத்திலிருந்து இந்தக் குடியானவர் பாடல்கள்தாம் தன்னை விடுவித்தன என்று எழுதியிருக்கிறார். மெட்டு எவ்வளவு எளிமையோ அவ்வளவுக்கு விநோதமான ஒத்திசைவையும் அது தாங்கும் என்பது அவர் கருத்து. எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. ஏ மைனர், ஜி, டி என்று எழுதிவைத்துக்கொண்டு, பிரச்சினை தீர்ந்தது என்று நம்பினேன்.

தீரவில்லை. காந்தாரம் மிச்சம் இருந்தது.

பாட்டியின் காந்தாரம் சி-யும் இல்லை, சி ஷார்ப்பும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஓர் இடம். கிட்டாரில் அதற்குக் கட்டமே கிடையாது. ஏ மைனரை அடித்தால் பாட்டி கூடப் பாடுவதுபோல் இருக்கும், ஏ மேஜரை அடித்தால் குறையப் பாடுவதுபோல் இருக்கும். மாஸ்டர் ‘அப்படி இப்படி’ என்றது இதைத்தான். ஆனால் பத்துப் பதிவுகளை வரிசையாகப் போட்டுக் கேட்டேன், பத்திலும் அந்தக் காந்தாரம் அதே இடத்தில்தான் இருந்தது. தவறு என்றால் அது இப்படி ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்து நிற்காது.

சுரத்தைத் திருத்தும் மென்பொருள் மடிக்கணினியில் இருந்தது. ஓர் இரவு எல்லோரும் தூங்கிய பிறகு அந்தக் காந்தாரத்தை மட்டும் சி-க்கு இழுத்துப் பார்த்தேன். எழவு வீடு. சட்டென்று இன்னொரு பக்கம், சி ஷார்ப்புக்கு இழுத்தேன். சினிமாவில் கதாநாயகி பாடும் தாலாட்டு. ஒரே குரல், ஒரே வார்த்தைகள். பயமாக இருந்தது. இரண்டையும் அழித்துவிட்டேன்.

எழவு வீடு என்று காரணமில்லாமல் சொல்லவில்லை. அடுத்த மாதம் பழைய தோட்டத்து ஆள் ஒருவர் இறந்துபோக, பாட்டியை அழைத்துக்கொண்டு ஈப்போ பக்கம் போனோம். பந்தலுக்குள் நுழைந்ததும் பாட்டி அந்த அம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார். நான் செருப்பைக் கழற்றியபடியே நின்றுவிட்டேன். அதே மெட்டு. மேலிருந்து தொடங்குகிறது, இழுவை அதிகம், வார்த்தை வேறு. ஆனால் பஞ்சமம், நிஷாதம், தைவதம் அதேதான். அதே நடுக் காந்தாரம். அதே ரிஷபத்தில் மூச்சு.

திரும்பும்போது காரில் கேட்டேன். “ரெண்டுக்கும் ஒரே மெட்டா பாட்டி?”

“வேற மெட்டு யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்.”

கொஞ்ச தூரம் போனதும் பாட்டி தூங்கிவிட்டார். முன்சீட்டில் இருந்த அம்மா திரும்பாமலே சொன்னார். “எனக்கு முன்னாடி ஒரு அண்ணன் பொறந்தாரு. ஒன்றரை வயசுல காய்ச்சல்ல போயிட்டாரு. அதுக்கப்புறம்தான் பாட்டி ஆயா வேலைக்குப் போனாங்க.” அதுவரை யாரும் அதை என்னிடம் சொன்னதில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை. தாப்பா தாண்டும்வரை யாரும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து ஏ மைனரை அடித்துவிட்டேன். கிட்டாரில் இல்லை, காகிதத்தில்.

மேஜரா மைனரா என்று முடிவுசெய்வது கோர்ட்டின் மூன்றாம் சுரம். ஏ கோர்ட்டில் அது காந்தாரம். அதை எடுத்துவிட்டால் ஏ, ஈ இரண்டுதான் மிச்சம். சட்ஜம், பஞ்சமம். நம் சுருதிப்பெட்டி பிடிப்பதும் பெரும்பாலும் இந்த இரண்டைத்தானே! டேவி கிரஹாம் என்ற ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் 1960-களின் தொடக்கத்தில் கம்பிகளை டி, ஏ, டி, ஜி, ஏ, டி என்று வேறு வரிசையில் சேர்த்து வாசிக்கத் தொடங்கினார். மொராக்கோ போய்வந்த பிறகு, அங்குள்ள ஊத் வாத்தியக்காரர்களோடு வாசிப்பதற்காக என்பார்கள். திறந்த கம்பிகளில் மூன்றாம் சுரம் கிடையாது. மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. பிறகு ஆங்கில, ஐரிஷ் நாட்டுப்பாடல்களுக்கு அது நிரந்தரமான துணையாகிவிட்டது.

நான் எனக்கேற்ற மாதிரி ஒன்று செய்துகொண்டேன். நான்காம் கம்பியையும் மூன்றாம் கம்பியையும் ஒரு முழுச்சுரம் ஏற்றினேன். இப்போது ஆறும் திறந்த நிலையில் ஈ, ஏ, ஈ, ஏ, பி, ஈ. சட்ஜமும் பஞ்சமமும் திரும்பத் திரும்ப. நடுவில் ஒரே ஒரு பி, பாட்டி மூச்சு வாங்கும் ரிஷபம். அது கிட்டாரிலேயே முன்கூட்டிக் காத்திருந்த மாதிரி. மேல் கம்பிகளை அப்படியே ஒலிக்கவிட்டு, ஆறாம் கம்பியில் மூன்றாம் கட்டத்தை அழுத்தினால் அடியில் ஜி வரும். ஐந்தாம் கம்பியில் ஐந்தாம் கட்டத்தில் டி. அவ்வளவுதான் அசைவு. டி-க்கு மேலே எஃப் ஷார்ப்பை நான் வாசிப்பதில்லை. பாட்டியின் தைவதம் வந்து அந்த இடத்தை நிரப்பும்போது மட்டுமே அது மேஜராகும். காந்தாரமும் அப்படியே. அதை எங்கே வைப்பது என்பது அவர் பாடு.

பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். முழுப்பாட்டையும் நிறுத்தாமல் பாடினார். நல்லாயிருக்கு என்று சொல்லவில்லை. “கொசு கடிக்குது, சன்னலச் சாத்து” என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

நிகழ்ச்சி அன்று நாற்பது பேர் இருந்திருப்பார்கள். ஒத்திகையில் நாங்கள் ஏ-யில் தொடங்கியது பாட்டிக்கு ஏன் நினைவிருக்க வேண்டும்? ஒலிவாங்கியை ஒருமுறை பார்த்தார், கண்ணை மூடினார், ஏ-வுக்கும் ஏ ஃபிளாட்டுக்கும் நடுவில் ஓர் இடத்தில் தொடங்கிவிட்டார். ஆறு கம்பியையும் இறக்க நேரமில்லை. முதல் சுற்று முழுக்க நான் வாசிக்கவே இல்லை. குனிந்து காதைக் கிட்டார்மேல் வைத்து, ஐந்தாம் கம்பியையும் நான்காம் கம்பியையும் மட்டும் அவர் குரலுக்குத் திருகிச் சேர்த்துக்கொண்டேன். இரண்டாம் சுற்றிலிருந்து அந்த இரண்டு கம்பிகள்தாம். ஜி-யும் இல்லை, டி-யும் இல்லை. ஐந்து மாத வேலையில் மேடைக்கு வந்தது சட்ஜமும் பஞ்சமமும்.

ஐந்தாவது சுற்றிலோ ஆறாவது சுற்றிலோ பாட்டி ரிஷபத்தில் நின்றார். எல்லோரும் அடுத்த சுற்றுக்குக் காத்திருந்தார்கள். நானும் மீட்டிக்கொண்டே இருந்தேன். அவர் என் பக்கம் திரும்பி, ஒலிவாங்கி பிடித்துக்கொள்கிற அளவு சத்தமாக, “முடிஞ்சிருச்சுய்யா” என்றார். அதன்பிறகுதான் கைதட்டினார்கள்.

2020-இல், ஊரடங்கு நாட்களில், பாட்டி போய்விட்டார். வீட்டில் நாங்கள் சிலர் மட்டும்தான் இருந்தோம். ஒப்பாரி வைக்க யாருக்கும் தெரியவில்லை. சித்தி இரண்டு வார்த்தை தொடங்கி, அழுகையில் நிறுத்திவிட்டார். நிகழ்ச்சிக்கு முன் வீட்டில் எடுத்த பதிவு மடிக்கணினியில் இருந்தது. அவர் குரல் ஒரு டிராக், என் கிட்டார் இன்னொரு டிராக். கிட்டாரை மியூட் செய்துவிட்டு, குரலை மட்டும் மெதுவாகப் போட்டுவிட்டேன். அது தாலாட்டு வார்த்தைகள்தாம். யாரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

குரல் ரிஷபத்தில் வந்து நின்றது. வாசிக்காத அந்த ஜி என் காதில் தானாக வந்தது. அடுத்த சுற்று தொடங்கியது.